நாலாவது எழுத்து

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் உருப்படியாகப் பேச வராது. ஆனால் ஐந்தெழுத்தில் ஒரு ஆங்கிலச் சொல் வேண்டும், அதில் Q-வும் K-வும் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் QUICK, QUAKE, QUACK என்று மூன்றை எடுத்துப் போடுவார். அர்த்தம் கேட்டால் மட்டும் அக்கா பக்கம் கையைக் காட்டிவிடுவார். "ஸ்பெல்லிங் என் டிபார்ட்மென்ட். அர்த்தம் உங்க அக்கா டிபார்ட்மென்ட்" என்பார்.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அவருடைய வேலையால் வந்த வினை அது. இருமல் மருந்து தயாரிக்கும் கம்பெனியில் அவர் லேபிள் பார்க்கிற ஆள். ஓடுகிற பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக வரும். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தாலோ, எழுத்து மங்கியிருந்தாலோ கட்டைவிரலால் தட்டி ஓரம் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு லேபிளிலும் ஐந்து எழுத்தில் ஒரு பேட்ச் குறியீடு உண்டு. அதையே நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் ஐந்து ஐந்தாகப் பிரிக்கிற கண் ஆகிவிட்டது. கம்பெனியில் அவருக்கு 'அஞ்செழுத்து' என்றுதான் பெயர். ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி கழிப்பறை எங்கே என்று இவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாராம். இவர் திருதிருவென்று விழித்திருக்கிறார். கேட்டால், "TOILET ஆறெழுத்து, நம்ம கணக்குல வராது" என்று சமாளிப்பு.

அக்காவுக்கு அதே கம்பெனியில் பேக்கிங் வேலை. பெல்ட்டின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவள். மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அப்புறம் எப்படிக் காதல் வந்தது என்று கேட்காதீர்கள், வந்துவிட்டது. ஓரம் கட்டிய லேபிள்களிலிருந்து மூன்று எழுத்தைக் கத்தரித்து ஒரு பாட்டிலின் மூடியில் ஒட்டி பெல்ட்டில் அனுப்புவார். இவள் அந்த எழுத்துகள் வருகிற ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடித்து, சாப்பாட்டு வேளையில் அவர் டப்பா மேல் எழுதி வைக்க வேண்டும். அக்கா ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. மூன்று எழுத்தைப் பார்த்ததுமே முழுச் சொல்லும் பிடிபட்டுவிட வேண்டும், நாலாவது எழுத்து கேட்டால் கௌரவக் குறைச்சல்.

ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக நாலு எழுத்து வந்தது. M, R, R, Y. அவர் எதிர்பார்த்தது MARRY. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்கிறாராம். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யாரிடமோ அர்த்தம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். அக்கா எழுதி வைத்தது MERRY. கேள்வி புரிந்து, எனக்குச் சந்தோஷம், சம்மதம் என்று பதில் சொன்னதாக அவள் நினைப்பு. அவருக்கோ, கேட்ட சொல் வரவில்லை, அதனால் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று நினைப்பு. மனுஷன் லீவு போட்டுவிட்டுப் போர்வைக்குள் படுத்துவிட்டார். அக்காவே வீடு தேடிப் போய் எழுப்பி, விஷயத்தைத் தமிழில் உடைத்துச் சொன்ன பிறகுதான் எழுந்து முகம் கழுவினார்.

கல்யாணத்துக்கு அப்புறமும் ஆட்டம் நிற்கவில்லை. சண்டை போட்டு அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அவர் S, R, Y என்று மூன்று லேபிள் எழுத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். SORRY என்று அவளாகப் புரிந்துகொள்ள வேண்டுமாம். அவள் அதற்குப் பக்கத்திலேயே STRAY என்று எழுதி வைப்பாள், தெருவில் திரிகிற பிராணி என்று அர்த்தம். அவர் அதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே, ஞாபகமாகப் பதில் போட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்படுவார். அர்த்தம்தான் தெரியாதே.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். தனிக்கட்டை, தையல் வேலை. காலையில் கீழே காபிக்கு இறங்கினால் சாயந்திரம்வரை வாய் ஓயாது என்று எனக்கு அத்தான் வைத்த பெயர் RADIO. அதுவும் ஐந்தெழுத்துதான், எண்ணிப் பாருங்கள்.

நோய் அவருடைய கட்டைவிரலில்தான் முதலில் தெரிந்தது. கோணல் லேபிள் கண்ணில் படுகிறது, விரல் தட்ட மாட்டேன் என்கிறது. பாட்டில் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்புறம் பேச்சு குழறியது. குடித்திருக்கிறாரா என்று மேஸ்திரி மோந்து பார்த்தாராம். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். தசைகளை ஆட்டி வைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும், மூளை தெளிவாகவே இருக்கும், மருந்து கிடையாது. நோயின் பெயரை நீளமாகச் சொன்னார். அத்தான் குழறிக் குழறி அதற்கு ஸ்பெல்லிங் கேட்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப நீளம்" என்று தலையை ஆட்டினார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்து, அப்புறம் சிரித்ததற்காக அழுகை வந்தது.

கை போனது, கால் போனது, கடைசியில் குரலும் போனது. கழுத்துக்கு மேலே கண் மட்டும் அவர் சொன்னபடி கேட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு எழுத்து அட்டை கொண்டுவந்தாள். தமிழில் கிடையாதா என்று நான் கேட்டேன். எல்லா எழுத்தையும் எழுதினால் அட்டை கதவளவு வரும், நாம் ஒவ்வொன்றாகத் தொட்டு முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் என்றாள். நியாயம்தான். ஆங்கில எழுத்தே போதும் என்று ஆனது. அக்கா அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் வசதிக்குப் புதிதாக ஒன்று எழுதினாள். முதல் வரிசையில் A, E, I, O, U மட்டும், மற்றதெல்லாம் கீழே. முதலில் வரிசையைத் தொடுவாள், அப்புறம் எழுத்தைத் தொடுவாள். சரியான இடம் வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார்.

கண்ணை மூடினால் பேச இஷ்டமில்லை என்று அர்த்தம்.

அப்படியும் மனுஷன் பழக்கத்தை விடவில்லை. எது வேண்டுமென்றாலும் ஐந்தெழுத்து. WATER, LIGHT, SHAVE. மூக்கு நுனி அரித்தால் ITCHY. நான் பேச்சை நிறுத்தாவிட்டால் QUIET. அக்கா இரண்டாவது எழுத்திலேயே கண்டுபிடித்து எழுந்து ஓடுவாள். வெளியாள் பார்த்தால், இவர் கண்ணைத் தூக்க அவள் தண்ணீரோடு வருவதைப் பார்த்து மாயமந்திரம் என்றே நினைப்பார்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. கண் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். மூச்சு விடுகிற தசையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்போது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினில் இணைக்கலாம். இணைத்தால் இன்னும் சில வருஷம்கூட இருக்கலாம், ஆனால் கட்டிலோடும் மெஷினோடும்தான் இருக்க வேண்டும். ராப்பகலாக ஒருவர் பக்கத்திலிருந்து சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாய் வேண்டாம் என்றால் மூச்சுத்திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து நிம்மதியாக வழியனுப்பலாம். "ரெண்டுமே தப்பில்லைம்மா. அவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

அக்கா கேட்டாள். "குழாய் வைக்கலாமா, வேணாமா? சொல்லுங்க." அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி வேறொரு நாள் கேட்டாள், மறுபடி மூடினார். அவர்கள் மகள் வெளியூர் வேலையிலிருந்து லீவில் வந்தபோது அவளும் கேட்டாள். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. இது இவள் தலையில் கட்டுகிற முடிவா? நாளைக்கு எது நடந்தாலும் பழி அக்கா தலையில்தானே விழும்? நேராகவே அவரிடம் சொன்னேன். QUIET என்றார்.

அன்றைக்கு மத்தியானம் நான் கீழேதான் இருந்தேன், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மறுபடியும் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை கண் மூடவில்லை. அட்டையைப் பார்த்தார். அக்கா அதை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். V வந்தது. அப்புறம் E, அப்புறம் N. அக்கா நெற்றியைச் சுருக்கினாள். மூன்றாவது எழுத்திலும் சொல் பிடிபடவில்லை என்பது அவளுக்கு அதிசயம். நாலாவதுக்கு முதல் வரிசையில் கண்ணைத் தூக்கினார். அவள் A-வைத் தொடுவதற்குள் சளி அடைத்து இருமல் பிடித்துக்கொண்டது. முகம் நீலம் பாரித்தது. நான் சட்டையை வீசிவிட்டு ஓடி முதுகைத் தாங்கினேன்.

"விடுங்க, கஷ்டப்படாதீங்க. கடைசி எழுத்த மட்டும் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சுக்கிறேன்" என்றாள் அக்கா.

கடைசி எழுத்து M. அதோடு கண் செருகிவிட்டது. நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் முகத்தை இறுக்கி மாஸ்க் போட்டார்கள். உடம்பில் கெட்ட காற்று தங்கி மயக்கமாக இருக்கிறார், மாஸ்க் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும், சாயந்திரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. அக்கா உடனே, "அவர் சொல்லிட்டாருங்க. குழாய் வேணாம்" என்றாள். குரல் துளியும் நடுங்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வராந்தாவில் இரும்பு நாற்காலியில் அவளை உட்கார வைத்து, "எப்போ சொன்னார்?" என்று பிடித்துக்கொண்டேன். அவள் தரையைப் பார்த்தபடி, "V, E, N, நடுவுல ஒரு உயிரெழுத்து, கடைசில M. அப்படி ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. VENOM" என்றாள்.

"அப்படின்னா?"

"விஷம்."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. இத்தனை காலம் துடைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவளிடம் விஷம் கேட்கிறாரா? அக்கா அழவில்லை. "குழாயா வேணாமான்னு கேட்டேன். விஷத்தைக் குடுன்னுட்டார். என்கிட்டயே கேட்டார்டி. அவ்வளவு வலியோட இருந்திருக்கார், எனக்குத் தெரியல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அவள் சாப்பிட்டிருக்க மாட்டாளே என்று, ஸ்டேஷனுக்கு யாரிடமாவது சாப்பாடு கொடுத்தனுப்பவா என்று மெசேஜில் கேட்டிருந்தேன். போன் சிணுங்கியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில்தானே தட்டுகிறார்கள். நானும் அப்படித்தான், தமிழ் விசைப்பலகையில் 'ழ' எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். மகள் அனுப்பியிருந்தாள்: "saapadu venam chithi. nera varen."

படித்துவிட்டு வைக்கப் போனேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுப் போனை அக்கா முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"அக்கா, இதப் பாரு. இந்த வார்த்தையப் பாரு."

"சாப்பாடு வேணாமாம். வேணாம்னா விடேன், இப்போ அதுக்கு என்ன?"

"எழுத்த எண்ணு."

அவள் என்னை முறைத்துவிட்டு விரலை மடக்கினாள். V, E, N, A, M. கட்டைவிரலில் வந்து நின்றாள். அவள் முகம் மாறியதை நான் சொல்லி விளங்க வைக்க முடியாது. அவர் விஷம் கேட்கவில்லை. இவள் தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். ஐந்தெழுத்து என்றாலே ஆங்கிலம் என்று ஊறிப்போன இவளுக்கு அது தமிழாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"அப்போ வேணாம்னுதான் சொல்லியிருக்கார். நீ டாக்டர்கிட்ட சொன்னது சரிதான்" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அந்தச் சொல்லையே பார்த்தாள். "நாலாவது எழுத்து என்னன்னு அவர் சொல்லலையேடி. A போட்டா வேணாம். U போட்டா?"

வேணும். venum. நான் வாயில் கையை வைத்துக்கொண்டேன்.

அக்கா எழுந்து நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. டாக்டரம்மா அத்தான் கட்டிலருகில்தான் இருந்தார். மாஸ்க் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது, ஆள் இப்போது தெளிவாக இருக்கிறார், கேட்பதானால் கேளுங்கள் என்றார். அட்டை வீட்டிலேயே கிடந்தது. அக்கா நர்சிடம் பேனா வாங்கி ஒரு காகித உறையின் பின்பக்கத்தில் முதல் வரிசையை மட்டும் எழுதினாள். A, E, I, O, U. அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"மத்தியானம் நாலாவது எழுத்து நான் பாக்கலங்க. இப்போ சொல்லுங்க."

எனக்கு எது வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் போய்விடக் கூடாது என்றும் இருந்தது. அக்கா இனியாவது ஒரு நாள் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தது.

விரல் A-வைத் தொட்டது. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் அசையவில்லை. E. I. O-வில் அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. கண் அசையவில்லை. விரல் U-வுக்கு நகர்ந்தது.

கண் மேலே போனது.

அக்கா காகிதத்தைக் கட்டில் மேல் அடித்துவிட்டு ஓவென்று அழுதாள். அழுகையோடு அழுகையாகத் திட்டு வேறு. "ஆயுசு பூரா இங்கிலீஷ்ல சொல்லிட்டு இதுக்கு மட்டும் என்ன தமிழ் வேண்டிக்கிடக்கு? ALIVE-னு சொல்லக் கூடாதா? அதுவும் அஞ்செழுத்துதானே! வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேனே நான், உங்களக் கொல்லப் பாத்தேனே!" மாஸ்க்குக்கு மேலே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி காதுக்குள் போயிற்று. நான்தான் துடைத்துவிட்டேன். டாக்டரம்மா தானும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, அறுவை அறைக்குச் சொல்லப் போனார்.

அக்கா முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி பேனாவை எடுத்தாள். இந்தத் தடவை எல்லா எழுத்தையும் எழுதினாள். "இத்தனை நாள் கேட்டப்போ ஏன் கண்ண மூடிட்டீங்க? அத மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

B வந்தது. A வந்தது. நானே மனசுக்குள் என்னென்னவோ போட்டுப் பார்த்தேன், அவள் வாயைத் திறக்கவில்லை. Y வந்தது. மறுபடியும் A. ஒவ்வொரு எழுத்துக்கும் வரிசையை முதலிலிருந்து தொட்டு வந்தாள், அவசரப்படவே இல்லை. கடைசியாக M வந்த பிறகுதான் படித்தாள். "பயம்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாகறதுக்கா?" என்று கேட்டாள். கண் மேலே போனது.

இன்னும் மெதுவாக, "குழாய் வேணும்னு என்கிட்ட கேக்கறதுக்கா?" என்றாள். அதற்கும் கண் மேலே போனது. முதல் தடவையைவிட நேரம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கியது.

அக்கா காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்த மாஸ்க்கின் பட்டையை நகர்த்திச் சரிசெய்தாள். அந்த இடத்தில் சிவந்திருந்ததைக் கட்டைவிரலால் தடவினாள்.

"கேட்டாச்சுல்ல" என்றாள். "போதும்."